அக்கா அவிழ்த்த தலைத்துணி

கொழும்பில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வந்து, அக்கா வவுனியாவுக்குப் பக்கத்துப் பூவரசங்குளத்தில் என் வீட்டில் தங்கியிருந்தார். வாய்ப்புண்ணுக்கு உப்புத்தண்ணீரால் கொப்பளிப்பார். ஓங்காளம் வந்தால் ஆறிய கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பார். ஒருநாளும் அழுததில்லை. முடி கொட்டியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. என் முன்னால்கூடத் தலைத்துணியைக் கழற்றமாட்டார்.

ஒரு காலை அவருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது.

"காய்ச்சலுக்குப் பனடோல் போட்டிட்டுப் படுங்கோ அக்கா, நாளைக்குப் பாப்பம்" என்றேன்.

"இல்லையடி. மருந்து ஏத்தின ஆக்களுக்குக் காய்ச்சல் வந்தா உடன ஆஸ்பத்திரிக்குப் போகோணும் எண்டு டொக்டர் சொன்னவர். வெளிக்கிடு."

வவுனியாவுக்குப் போகும் வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் நீண்ட வரிசை. வெயிலிலும் அக்கா நடுங்கினார். நான் தமிழில் கெஞ்சியது சிங்களச் சிப்பாய்க்கு விளங்கவில்லை. அக்கா தலைத்துணியை அவிழ்த்து, அத்தனை பேர் முன்னிலையிலும் மொட்டைத் தலையோடு நிமிர்ந்து நின்றார். சிப்பாய் உடனே வழிவிட்டான்.

"இரத்தத்தில வெள்ளை அணுக்கள் நல்லாக் குறைஞ்சிட்டுது. நாளைக்கு வந்திருந்தா பெரிய ஆபத்தாய்ப் போயிருக்கும்" என்றார் வவுனியா டொக்டர்.

அக்கா சுகமாகிவிட்டார். இப்போது எங்கள் ஊரில் யார் இந்த மருந்து ஏற்றிக்கொண்டு வந்தாலும் காய்ச்சல் பார்க்கும் கருவியோடு போய்விடுகிறேன். காய்ச்சல் என்றால் மறுநாள்வரை பொறுக்க விடமாட்டேன். கையோடு கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.