விஸ்கிக்கு ஆள் தேடிப் பழையசீவரத்துக்கு

பெங்களூருக்கு வந்து ஏழு வருஷமாகியும் ஒரு காட்சி எனக்குப் பழகவில்லை. பட்டப்பகலில் சாராயக்கடை திறந்திருக்கும். பக்கத்து ஹோட்டலில் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாகக் காபி குடிப்பார். மதுவிலக்கு நடக்கும் சென்னை ராஜ்யத்திலிருந்து வந்தவனுக்கு அந்த இடத்தைத் தாண்டும்போது நடை தானாக வேகமெடுக்கும்.

இத்தனைக்கும் எனக்கு வேலையே விஸ்கி ஆலையில்தான். ஊருக்கு வெளியே, தைல மரங்களுக்கு நடுவே, சின்னதாக ஆரம்பித்திருந்தார்கள். நான் ஸ்டோர் கீப்பர். முதலாளி பெள்ளியப்பா பட்டாளத்தில் இருந்தவர், குடகுக்காரர். செம்பு அண்டா வந்து இறங்கிவிட்டது, பார்லி வந்துவிட்டது, காய்ச்சத் தெரிந்த ஆள் மட்டும் கிடைக்கவில்லை. பெரிய ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் வந்து இந்தக் கொட்டகையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். “உங்கள் பக்கம் யாராவது உண்டா?” என்று முதலாளி கேட்டார். எனக்கு ஏகாம்பரம் ஞாபகம் வந்தார்.

பழையசீவரத்து ஏகாம்பரம் மதுவிலக்குக்கு முன்பு லைசென்ஸ் உள்ள சாராய ஆலையில் அடுப்பு பார்த்தவர். சட்டம் வந்து ஆலையை மூடியதும் பாலாற்று நாணல் புதரில் காய்ச்சினார். பிடிபட்டு ஜெயிலுக்குப் போனார், திரும்பி வந்து காய்ச்சினார், மறுபடியும் போனார். அப்புறம் விட்டுவிட்டுக் கூலிக்கு ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் பழையசீவரத்துக்குப் பேண்ட் போட்டுக்கொண்டு போய் அவர் வீட்டை விசாரித்ததுதான் வினை. தெருவே வாயை மூடிக்கொண்டது. அவர் மனைவி முனியம்மா வாசலை மறித்து நின்றாள்.

“அதெல்லாம் உட்டு எம்மாம் நாளாச்சு சார். இன்னும் எதுக்கு வந்து பேஜார் பண்றீங்கோ? வூட்டுல வேணா பூந்து பாருங்கோ.”

“நான் போலீஸ் இல்லம்மா. பக்கத்துக் காவாந்தண்டலத்துக்காரன். வேலைக்குக் கூப்பிட வந்திருக்கிறேன்.”

“இன்னா வேல?”

சொன்னேன். அவள் உள்ளே திரும்பி, “யோவ், காய்ச்சறதுக்குச் சர்க்காரே பர்மிட்டு குடுத்துகீதாம்யா” என்றாள். ஏகாம்பரம் வெளியே வந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை, பயம்தான் இருந்தது. “பொண்ணு தலயில அடிச்சி சத்தியம் பண்ணிகீறேன், தம்பி” என்றார்.

முனியம்மா வாசற்படியிலிருந்து இறங்கி வந்தாள். “ஜெயிலு வாசல்ல நின்னுக்கினு இருந்தவ நானு. அந்த எடத்த நானே வந்து பாக்கறேன். அப்பால சொல்றேன்” என்றாள்.

இப்படியாக, ஆலையைப் பார்க்க இருவரும் என்னோடு ரயிலேறினார்கள். பெள்ளியப்பா நாற்காலி போடச் சொல்லி, ஏகாம்பரத்திடம் கன்னடத்தில் கேட்டார்: “எஷ்டு வர்ஷ அனுபவ இதெ?”

அவர் கேட்டது எத்தனை வருஷ அனுபவம் என்று. முனியம்மா காதில் விழுந்தது ‘அனுபவம்’ மட்டும். “நாங்க அனுபவிச்சதயா கேக்கறாரு? ரெண்டு தபா ஜெயிலு, அடி, பட்டினி. இன்னும் இன்னாத்த சொல்றது?” என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

முதலாளி என்னைப் பார்த்தார். மறைத்தால் பிறகு தெரியவரும், சொன்னால் இப்போதே அனுப்பிவிடுவார். இருந்தும் அவள் சொன்னதை அப்படியே கன்னடத்தில் சொன்னேன். அவர் எழுந்து போய், சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த லைசென்ஸைக் கழற்றி வந்து முனியம்மா கையில் கொடுத்தார். எழுத்து தெரியாத அவள் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். “இது கீற வரிக்கும் இவர யாரும் இட்டுக்கினு போவமாட்டாங்களா?” என்றாள். மாட்டார்கள் என்றேன்.

முதல் காய்ச்சல் அன்று கலால் இன்ஸ்பெக்டர் காக்கி உடுப்பில் சீல் வைக்க வந்தார். ஏகாம்பரத்தைக் காணோம். தைலத் தோப்புக்குள் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவரை முனியம்மாதான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். இன்ஸ்பெக்டர் “மேஸ்திரி, குத்கொள்ளி” என்று உட்காரச் சொன்னார். ஏகாம்பரம் உட்காரவில்லை. ஆனால் அடுப்பை விட்டும் நகரவில்லை. அன்று வடித்த சரக்கு நன்றாக வந்தது.

இப்போது பொங்கலுக்கு நாங்கள் ஒன்றாகத்தான் ஊருக்குப் போகிறோம். ஊரில் கேட்பவர்களுக்கு ஏகாம்பரம் சோப்புக் கம்பெனி மேஸ்திரி, நான் அதே கம்பெனியின் குமாஸ்தா. ஜோலார்பேட்டையில் வண்டி நின்றதும் ஏகாம்பரம் குழாயடிக்குப் போய், முளைகட்டிய பார்லியின் மால்ட் வாசனை அடிக்கும் சட்டையைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, சலவைச் சட்டையை மாட்டிக்கொள்வார். திரும்பி வரும்போது அதே குழாயடியில் பழைய சட்டை. அவர் மாற்றி முடிக்கும்வரை அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகு என் பையை அவரிடம் கொடுத்துவிட்டு, நானும் பொத்தானைக் கழற்றுவேன்.