கார் சுமந்த பஸ்ஸும் என் கையெழுத்தும்

அந்த பஸ்ஸைக் காருக்காகக் கட்டினார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. என்னை மடக்குவதற்காகக் கட்டினார்கள்.

என் கணவரிடம் இரண்டு டூரிஸ்ட் பஸ்கள் இருந்தன. கொரோனா காலத்தில் இரண்டும் ஓடாமல் நின்றன. மறுபடி சுற்றுலா தொடங்கியபோது ஒன்று ஓடியது. மற்றதை அவரும் எங்கள் ஒரே மகளும் சேர்ந்து கழக்கூட்டம் என்ற ஊருக்கு அந்தப் பக்கம், பஸ் பாடி கட்டும் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டார்கள். மகளுக்கு அப்போது பதினாறு வயது. கார்ப் பந்தயம், கார்ப் பந்தயம் என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் மட்டும் உட்காரும், கூரையே இல்லாத, என் இடுப்பு உயரம்கூட வராத ஒரு சிவப்புக் காரை எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு வந்திருந்தார் அவள் அப்பா. மூடிய மைதானத்தில் மட்டும்தான் அதை ஓட்டலாம். சாலையில் இறக்கக் காருக்கும் அனுமதி இல்லை, மகளுக்கும் வயதாகவில்லை. அதனால் மைதானம் வரைக்கும் அதைச் சுமந்துகொண்டு போக ஒரு வண்டி வேண்டும். அதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

பஸ்ஸின் பின்சுவரை அறுத்துவிட்டுக் கீழே சாயும் இரும்புப் பலகை ஒன்றை மாட்டினார்கள். அதன் வழியே காரை ஏற்றி, சக்கரங்களைப் பட்டையால் இறுக்கிவிட்டால் எந்த வளைவிலும் அசையாது. காருக்கு மேலே பரண் மாதிரி ஒரு கட்டில். புருஷனும் பெண்டாட்டியும் பெட்ரோல் வாடைக்கு மேலே படுத்துத் தூங்கவேண்டும் என்பது ஏற்பாடு. நடுவில் ஒரு கழிப்பறை. முன்பக்கம், டிரைவர் சீட்டை ஒட்டி, ஒரு சமையலறை. இரட்டை அடுப்பு, மிக்சிக்கு பிளக், மழைத்தண்ணீர் உள்ளே அடிக்காத ஜன்னல். மேடை சரியாக என் உயரத்துக்கு இருந்தது. சில வாரங்களுக்கு முன் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மகள் பின்னால் வந்து டேப் வைத்து அளந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அம்மேடெ கிச்சன் கண்டோ?" என்றாள். வீட்டில் தமிழ்தான் பேசுவோம். சந்தோஷம் வந்தால் அவளுக்கு மலையாளம் வந்துவிடும்.

கள்ளி. அவள் பந்தயத்துக்குப் போகக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். அந்த மேடையில் ஒருமுறை கையை வைத்துப் பார்த்ததோடு என் வீராப்பு முடிந்துபோயிற்று.

அதன்பிறகு ஒரு வருடமாக எல்லாப் பந்தயத்துக்கும் போனேன். போனேன் என்றால் பஸ்ஸில் போனேன், பஸ்ஸிலேயே இருந்தேன். வெளியே கார் உறுமத் தொடங்கியதும் நான் மிக்சியைப் போட்டுவிடுவேன். சட்னிக்கு அவ்வளவு தேங்காய் அரைக்கத் தேவையே இல்லை. அரைத்துக்கொண்டே இருப்பேன். சத்தம் ஓய்ந்து, மகள் வியர்வையோடு படியேறி வந்து "பசிக்குது" என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வரும். கணவர் மட்டும் பந்தயப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்விடுவார். பார்ப்பவர்களுக்காகக் கட்டிய கயிற்றருகில் நின்று கைதட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். இந்த மனுஷனுக்கு நெஞ்சுக்குள் என்னதான் இருக்கிறது, கருங்கல்லா என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன், மனதுக்குள்.

சென்ற தை மாதம் விழிஞ்ஞம் போகும் வழியில் ஒரு பெரிய மைதானத்தில் பந்தயம். நடுவில் தார் போட்டிருந்தது, சுற்றிலும் செம்மண். முதல்நாள் எங்கள் மற்ற பஸ்ஸின் டிரைவருக்கு அம்மை போட்டுவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் மூணாறு போகக் காத்திருந்தார்கள். கணவரே அதை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் பஸ்ஸை அவருக்குத் தெரிந்த ஒரு டிரைவர் மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். நான் வழக்கம்போல அடுப்பைப் பற்றவைத்தேன்.

பந்தயம் நடத்துபவர்களில் ஒருவர் படிவம் செருகிய அட்டையோடு படியில் ஏறி வந்தார். "சேச்சி, மோளுக்கு பதினெட்டு ஆயிட்டில்லல்லோ. அம்ம, அச்சன் ரெண்டுபேர்ல ஒராள் ஒப்பிடணும். இவிட மதி, கேட்டோ" என்று, இங்கே கையெழுத்துப் போட்டால் போதுமெனக் கடைசி வரியைக் காட்டினார்.

கடைசி வரியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆள் நானில்லை. பதினெட்டு வருடமாகப் பத்திரம் எழுதும் ஆபீஸில் டைப் அடிக்கிறேன். வாசிக்காமல் போட்ட ஒப்பால் நாசமாகிப்போன குடும்பங்களை வரிசையாகப் பார்த்தவள். அதனால் அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாசித்தேன். மூன்றாவது பத்தியில் இருந்தது. காயம், நிரந்தர ஊனம், மரணம் உட்பட எது நேர்ந்தாலும் யாரையும் பொறுப்பாக்கமாட்டேன் என்று பெற்றோராகிய நான் முழு மனதோடு சம்மதிக்கிறேன்.

முழு மனதோடு என்று எழுதியவன் கையில் கிடைத்திருந்தால் அந்த இடத்திலேயே மிக்சி ஜாரால் அடித்திருப்பேன்.

மகள் பந்தய உடுப்பில், ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே நின்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"அம்மாக்கு வேண்டாம்னா வேண்டாம். வண்டியத் திரும்ப ஏத்திரலாம்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குக் கத்தி, பஸ்ஸைத் திருப்பச் சொல்லியிருப்பேன். அவள் நிஜமாகவே சொன்னாள். சொல்லிவிட்டுக் காரை ஏற்றும் பட்டைகளைக்கூடக் குனிந்து எடுத்தாள். தடுத்தாலும் நான்தான், விட்டாலும் நான்தான். மூன்றாவது ஒரு வழி அந்தத் தாளில் எங்கும் இல்லை. போட்டேன். என் கையெழுத்து அவ்வளவு கோணலாக வந்து நான் பார்த்ததில்லை.

கையெழுத்துப் போட்டவள் உள்ளே போய்த் தேங்காய் அரைப்பதா? இறங்கிப் போய்க் கயிற்றருகே நின்றேன். தாண்டக்கூடாது என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். மூன்று சுற்று ஓடவேண்டும். கொடி அசைந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

முதல் சுற்று முடிவதற்குள் கையிலிருந்த போன் அடித்தது. கணவர்.

"தொடங்கிட்டாளா?"

"ஓடுகா. நீங்க எங்க நிக்கிய?"

"அடிமாலி பக்கம். பிள்ளைய எல்லாம் சாயா குடிக்குது. நீ எங்க நிக்கா?"

"கயித்துக்கிட்ட. நீங்க எப்பவும் நிப்பியள்லா, அங்கதான்."

பின்னால் பிள்ளைகள் கூச்சல் போடுவது கேட்டது.

"நான் ஒருநாளும் அங்க நின்னதில்லட்டி" என்றார். "ஒப்பு போட்டுட்டு பஸ்ஸுக்கு மறுபக்கம் போய் உக்காந்திருவேன். ஒன் மிக்சி சத்தத்தக் கேட்டுக்கிட்டு. அவ ஓட்டி நான் ஒருதரம்கூடப் பாத்ததில்ல."

ஒரு வருடம். தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எங்களில் ஒருவர்கூடப் பார்க்காமலா இந்தப் பிள்ளை இத்தனை நாள் ஓட்டிக்கொண்டிருந்தாள்?

"நீ கண்ண மூடிட்டுதான நிக்கா? தொறந்து பாரு. பாத்துச் சொல்லு, எப்படிப் போறா?"

திறந்தேன். சிவப்பாகச் சின்னதாக ஒன்று தரையோடு ஒட்டி வந்துகொண்டிருந்தது. அதற்குள் என் பிள்ளை இருப்பதாக நம்பவே முடியவில்லை. "நேரா வாறா" என்றேன். "இப்பம் திரும்புகா. நல்லா திரும்பிட்டா. ரெண்டாவது சுத்து. வேகமா போறா, ஏங்க, ரொம்ப வேகமா போறா."

"ம். சொல்லு. ம்."

தூரத்து வளைவில் காரின் பின்பக்கம் வெளியே போயிற்று. ஒருமுறை சுழன்றது. இன்னொருமுறையும் சுழன்று தாரை விட்டுச் செம்மண்ணுக்குள் போய், புழுதி எழும்பி, ஒன்றுமே தெரியவில்லை. சத்தமும் நின்றுவிட்டது. இரண்டு பேர் அந்தப் பக்கம் ஓடினார்கள். என் வயிற்றில் கயிறு அழுந்துவதை உணர்ந்தேன். அதைத் தாண்ட என் கால் வரவில்லை.

"பொறவு? என்னட்டி, பேச்சக் காணோம்?"

அவருக்கு முன்னால் மலைப்பாதை இருந்தது. பின்னால் நாற்பது பிள்ளைகள்.

"நல்லா போறா" என்றேன். "நீங்க வண்டியப் பாத்து ஓட்டுங்க."

"அப்பாடா" என்றார். குரல் உடைந்திருந்தது. "சரி, பிள்ளைய ஏறுது. வைக்கேன்."

புழுதி அடங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அடங்கியபோது கார் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தது. ஓடிப்போனவர்கள் குனிந்து ஏதோ கேட்டார்கள். கையுறை போட்ட ஒரு கை மேலே வந்து, ஒன்றுமில்லை என்று அசைந்தது. பிறகு ஹெல்மெட் கயிற்றுப் பக்கம் திரும்பியது. என்னைத் தேடிக் கண்டுபிடித்த மாதிரி அப்படியே நின்றது. நானும் கையைத் தூக்கினேன். எதற்குத் தூக்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போதும், வா என்றுதான் இருக்கவேண்டும்.

அவள் அதைப் போ என்று எடுத்துக்கொண்டாள். கார் உறுமியது. இன்னும் ஒரு முழுச் சுற்று பாக்கி இருந்தது.