ரோட்டில் பால் குடித்த கன்று

மாட்டுக்காரனுக்குப் புத்தி மட்டு என்று எங்கள் ஊரில் பலருக்கு நினைப்பு. படிப்பு ஏறாத பிள்ளையை "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று இன்றைக்கும் திட்டுகிறார்கள். நான் எட்டாவது வரை படித்துவிட்டு, விரும்பித்தான் மாட்டுக்கு வந்தேன். மாட்டை வைத்தே நான்கு பிள்ளைகளைக் கரையேற்றினேன். திட்டியவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் என் கொட்டில் பாலைக் குடித்து வளர்ந்தவர்கள்தான். இதைச் சொன்னால் தலைக்கனம் என்கிறார்கள். இருக்கட்டும்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் நான் முட்டாளாக இருந்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

கீழ்வேளூருக்குத் தெற்கே ஒரு மிராசுதாரின் பண்ணையில் என் அப்பா மாட்டுக்காரர். அவருக்குப் பிறகு அந்த வேலைக்கு நான் வந்தேன். நூறு உருப்படிக்குக் குறையாத மந்தை. எல்லாம் எங்கள் பக்கத்து உம்பளச்சேரி மாடு. பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். சேற்று உழவில் அதை அடித்துக்கொள்ள வேறு மாடு கிடையாது. எங்களுக்குக் கூலி என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு பசு போடும் முதல் கன்று பண்ணைக்கு, இரண்டாவது கன்று மேய்க்கிறவனுக்கு, மறுபடி பண்ணைக்கு, மறுபடி எங்களுக்கு. அப்பா காலத்திலிருந்து அப்படிச் சேர்ந்ததில், எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருடம் சொந்தமாகப் பதினாலு மாடு இருந்தது. அதோடு பண்ணை நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்கு உழுதேன்.

கன்று நிறம் மாறியதும் தொடையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுவது வழக்கம். பண்ணைக்குப் பண்ணை ஓர் அடையாளம். எங்கள் பண்ணைக்கு ஒரு வட்டம், நடுவில் ஒரு கோடு. வயலில் வாய் வைத்த மாட்டைப் பிடித்து அடைக்க அப்போது ஊரில் பவுண்டு இருந்தது. வட்டத்தையும் கோட்டையும் பார்த்தால் பவுண்டுக்காரன் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுவான். என்னைப் போன்றவனின் மாடு என்றால் மீட்டு வருவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். அதனால் அப்பா தன் பங்குக் கன்றுகளுக்கும் பண்ணைச் சூட்டையே போட்டார். நானும் போட்டேன். பண்ணையிலும் யாரும் தடுக்கவில்லை. எது யார் மாடு என்று ஊருக்கே தெரியும், தொடையில் எது இருந்தால் என்ன என்று நினைத்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு என் மாட்டையெல்லாம் என் கையாலேயே அடுத்தவனுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன்.

அப்போது ஆட்சி மாறியிருந்தது. குத்தகைக்கு உழுகிறவர்கள் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்துப் பேரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் நினைத்தபடி நிலத்தைவிட்டு இறக்க முடியாது என்று சட்டம் வந்தது. எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் ஆளும் கட்சிக்காரர், கரைவேட்டிக்காரர். உழுகிறவனுக்குத்தான் நிலம் என்று மேடையில் தொண்டை கிழியப் பேசுவார். இறங்கி வந்ததும் மிராசுதார் வீட்டில் காப்பி குடிப்பார். நான் அவர் காப்பி குடித்ததைப் பார்க்காமல், பேசியதை மட்டும் கேட்டுக்கொண்டு போய் மனுக் கொடுத்துவிட்டேன். எங்கள் பண்ணையில் முதல் மனு என்னுடையது.

மூன்றாம் நாள் மிராசுதார் கூப்பிட்டு அனுப்பினார். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காரியஸ்தர், பண்ணை நிர்வாகத்தையெல்லாம் பார்ப்பவர், கைகட்டி நின்றார்.

"மனுவ வாபஸ் வாங்கிடு. இல்லேன்னா என் சூடு போட்ட மாடு அத்தனையும் பண்ணைக்கு வந்துடணும்" என்றார் மிராசுதார்.

"அதுல பதினாலு என்னோடதுங்க. ஐயாவுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியறது கிடக்கட்டும்டா. மாட்டுத் தொடையில என்ன இருக்குன்னு போய்ப் பாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபது வருடம் அந்த மனிதரின் மாட்டுக்குப் பிரசவம் பார்த்தவன் நான். திரும்பி நடந்துவிட்டேன். வழியில் பஞ்சாயத்துத் தலைவர் சைக்கிளை நிறுத்தி, "அரசாங்கமே உங்க பக்கம்தான்யா. நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றார். யார் பக்கம் என்று அதற்கு மேல் அவரிடம் கேட்பதற்கு எனக்குப் பொறுமை இல்லை.

வீட்டில் என் பெண்டாட்டி மூத்த பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"இப்ப வந்து என்னைக் கேக்குறீங்களே, சூடு போடறப்ப கேட்டீங்களா?" என்றாள்.

வாங்கிக் கட்டிக்கொண்டேன். குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு அவளே சொன்னாள்: "மனுவுல கையெழுத்துப் போட்டது நீங்க. அத அழிச்சுட்டு வாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. மாடு போறதப் பாக்கவும் மனசு வரல. நீங்களே முடிவு பண்ணுங்க."

நான் மனுவை வாபஸ் வாங்கவில்லை. நிலத்தின் மேல் அவ்வளவு ஆசை என்று சொன்னால் பொய். அந்த "டா"வும், "கிடக்கட்டும்" என்ற வார்த்தையும்தான் என்னை நிறுத்தின.

மறுநாள் காலை காரியஸ்தர் நாலு ஆட்களோடு வந்து மாடுகளை அவிழ்த்தார். பதினான்கில் ஒன்று பன்னிரண்டு நாளைக்கு முன்தான் கன்று போட்டிருந்தது. இரண்டாவது ஈற்று, கிடேரிக் கன்று. கன்றின் கயிற்றிலும் கை வைத்தார். என் பெண்டாட்டி குறுக்கே போய் நின்றாள்.

"சூடு போட்ட மாடுன்னுதானே உங்க ஐயா சொன்னாரு? இதுல எங்க இருக்கு? காட்டுங்க."

"தாய் பண்ணையோடதுன்னா கன்னும் பண்ணையோடதுதாம்மா."

"சூடுதான் சாட்சின்னு சொன்னது நீங்க. இப்ப சூடு இல்லாததுக்கும் வந்து நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல? காட்டிட்டு ஓட்டிக்கிட்டுப் போங்க."

அந்த மனிதர் நிஜமாகவே குனிந்து கன்றின் தொடையைப் பார்த்தார். கூட வந்த ஆட்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கன்றை விட்டுவிட்டு மற்றதை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

மேய்க்கிற வேலையிலிருந்தும் என்னை நிறுத்திவிட்டு வேறு ஆளைப் போட்டார்கள். பண்ணை மந்தை மேய்ச்சலிலிருந்து திரும்பும் வழி எங்கள் வீட்டு வாசல் ரோடுதான். அன்று சாயங்காலம் என் மாடுகள் பதினாலும் மந்தையிலிருந்து பிரிந்து, வழக்கம்போல் எங்கள் கொட்டிலுக்கு வந்து அதனதன் இடத்தில் நின்றன. பின்னாலேயே காரியஸ்தர் வந்தார். "பண்ணை மாடு இனிமே உன் கொல்லையில நின்னா திருட்டுக் கேசுதான். கேசு விழுந்தா உன் மனு என்ன ஆகும்னு யோசிச்சுக்க" என்றார். ஆக, நானே கம்பை எடுத்து என் மாட்டை என் கொட்டிலிலிருந்து அடித்து விரட்ட வேண்டியதாயிற்று. அடித்தேன். இப்போது நினைத்தாலும் என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

மறுநாள் கொட்டில் வாசல் படலைச் சாத்தினோம். வந்த மாடுகள் கொஞ்ச நேரம் முட்டிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கன்று போட்ட பசு மட்டும் நகரவில்லை. மடி கனத்து, காம்பிலிருந்து பால் சொட்டிக்கொண்டே நின்றது. உள்ளே கன்று கத்தியது. படலைத் திறந்தால் கேஸ், திறக்காவிட்டால் கன்று சாகும். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

என் பெண்டாட்டி கன்றை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டு நடுவில் விட்டாள். "ரோடு கவர்மென்டோடது. எவன் கேக்குறான்னு பாக்கறேன்" என்று சத்தமாகச் சொன்னாள். கன்று வாலை ஆட்டிக்கொண்டு குடித்தது. கீழ்வேளூர் பஸ் வந்து நின்றது. டிரைவர் ஆரன் அடித்துப் பார்த்தார். அவள் அசையவில்லை. குடித்து முடிக்கும்வரை பஸ் நின்றது.

தினமும் சாயங்காலம் இதே கதைதான். காரியஸ்தர் ஒரு நாள் போலீஸ்காரரைக் கூட்டிவந்தார். அவர் பசுவைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"கன்னு பால் குடிக்கிறதுக்கு எந்த செக்‌ஷன்ல கேஸ் போடச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, எங்கள் வீட்டில் நீராகாரம் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். எங்கள் தெருவே அன்று வாய்விட்டுச் சிரித்தது. அதுவரை பயந்துகொண்டிருந்த மூன்று குத்தகைக்காரர்கள் அந்த வாரமே மனுக் கொடுத்தார்கள்.

தாலுகா ஆபீசில் வாய்தா மேல் வாய்தா போட்டு மூன்று மாதம் இழுத்தார்கள். அதற்குள் கன்று புல் கடிக்கப் பழகிவிட்டது. மூன்றாவது வாய்தாவுக்கு முதல் நாள் பஞ்சாயத்துத் தலைவர் வந்து, "இன்னைக்கு வாபஸ் வாங்கினா நாளைக்கே பதினாலும் உன் கொட்டில்ல நிக்கும். ஐயா வாக்குக் கொடுத்திருக்காரு. வாங்கலேன்னா சந்தைக்குப் போயிரும்" என்றார்.

"போகட்டுங்க" என்றேன்.

மறுநாள் காலை, நான் தாலுகா ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, என் மாடுகளை ஏற்றிய லாரிகள் அதே ரோடு வழியாகப் போயின. கன்று போட்ட பசு இரண்டாவது லாரியில் நின்றது. வேண்டுமென்றேதான் எங்கள் வாசல் வழியாக விட்டிருக்கிறார்கள், நான் ஓடிவந்து காலில் விழுவேன் என்று. நான் வாசலை விட்டு உள்ளே போகவில்லை. நின்று பதினான்கையும் பார்த்தேன். என் பெண்டாட்டி பக்கத்தில் குழந்தையோடு நின்றாள். அவள் கன்னமெல்லாம் கண்ணீர். ஆனால் என்னைப் பார்த்து, "பஸ்ஸுக்கு நேரமாகுது, கிளம்புங்க" என்றாள்.

ஆபீசில், நான் பண்ணையின் சம்பள ஆள்தான், ஆறு மாவையும் பண்ணையே உழுகிறது என்று காரியஸ்தர் சாதித்தார். குத்தகை நெல்லுக்கு ஒருநாளும் ரசீது கொடுத்ததில்லை, கர்ணமும் கணக்கில் என் பேரை எழுதியதில்லை. என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. தாசில்தார் வயதானவர், அதிகம் பேசாதவர். காரியஸ்தரிடம், "அந்த ஆறு மாவுக்குத் தண்ணி பாயற மடை எந்தப் பக்கம் இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"மேற்கால" என்றார் காரியஸ்தர்.

"வடக்கு மூலைங்க" என்றேன் நான். "அதுவும் மடை உடைஞ்சு கிடக்கு. பனமட்டைய வெச்சு அடைச்சிருக்கேன். வந்து பாருங்க."

வந்து பார்த்தார். மட்டை இருந்தது.

அடுத்த வாரம் பதிவேட்டில் என் பேரை ஏற்றினார்கள். குமாஸ்தா பேர், தகப்பனார் பேர் எல்லாம் எழுதிவிட்டு, தொழில் என்ன என்று கேட்டார்.

"விவசாயம், மாடு வளர்ப்பு" என்றேன்.

"எத்தனை மாடு?"

"ஒண்ணுங்க. கன்னு."

அவர் பேனாவை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ஒரு கன்னுக்குட்டிய வெச்சுக்கிட்டு மாடு வளர்ப்புன்னு எழுதச் சொல்றீங்களா?"

"ஆமாங்க," என்றேன். "எழுதுங்க."