நாலு மணிக்கு மேல் யானை வழி

ஞானராஜ் மாமா இறந்துவிட்டார் என்று அவர் மகள் ஜெபா போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. நம் எஸ்டேட் லயத்து வீடுகளில் புரளி கிளப்புகிறவன் நான் ஒருவன்தான். நான் கிளப்பாத செய்தி எப்படி வரும்? அவள் அழுத பிறகுதான் உறைத்தது.

அணைக்கரையில் மாமா முட்டைக்கோஸ் போட்டிருந்ததும், பஸ்ஸுக்கு நாம் நடக்கிற பாதை அதன் வழியே போவதும் உங்களுக்குத் தெரியும். சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் சோலார் வேலியின் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் தண்ணீர் குடிக்க வரும் யானைகள் நேராகத் தோட்டத்துக்குள் நுழையும். பாதையையே அடைக்க வேண்டும் என்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் விவசாயிகள் கத்தினார்கள். அந்த வாரம் அதிகம் பறிகொடுத்த மாமாதான் எழுந்தார்.

"தின்னது என் கோசு. எனக்கு இல்லாத கோவம் ஒமக்கு எதுக்குவே? அடைச்சா பிள்ளைக ரோடு சுத்தி நடக்கணும். நாலு மணி வரைக்கும் நமக்கு, பெறவு அதுகளுக்கு."

நாலு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவது என்று கூட்டம் ஒத்துக்கொண்டது. கேட்டில் அவரே போர்டு எழுதி வைத்தார்: 'நாலு மணிக்கு மேல் யானை வழி. ஆட்கள் வரக்கூடாது.' அதன் கீழே நான் கரியால் ஒரு வரி சேர்த்தேன்: 'யானைகளே, போகும்போது கேட்டைச் சாத்தவும்.'

மாமா என் கையைப் பிடித்துப் பார்த்தார். கறுப்பாக இருந்தது.

"ஏலே, யானைக்குத் தமிழ் தெரியுமால?"

"மலையாளத்துலயும் எழுதட்டுமா மாமா?"

சிரித்துவிட்டார். மறுநாள் பெயிண்ட் டப்பாவோடு வந்தார். "இதுல எழுதுலே. கரி மழைக்கு நிக்காது."

போர்டைப் படித்தவர்கள் நின்று சிரித்தார்கள், சிரித்துவிட்டுக் கொக்கியை மாட்டிப் போனார்கள். பரீட்சைத்தாளில் என் எழுத்துக்கு இந்த மரியாதை கிடைத்ததே இல்லை.

அடக்கத்தன்று ஜெபம் நீண்டுவிட்டது. பெட்டியோடு கேட்டுக்கு வந்தபோது நாலேகால். கல்லறைக்கு இதுதான் குறுக்கு வழி.

"மாமா காப்பாத்துன பாதை. இன்னைக்கு ஒருநாள் போவோம்" என்றார் ஒருவர்.

மாமாவின் மனைவி எலிசபெத் அத்தை போர்டைக் காட்டினார். "அவுக எழுதுனது அவுகளுக்கும் சேத்துத்தான். ரோட்டு வழியா கொண்டு போங்கய்யா."

அத்தனை தூரமும் தோள்மாற்றித் தோள்மாற்றிச் சுமந்தோம். என் முறை வந்தபோது நடந்த மாதிரி நான் ஒருநாளும் நிமிர்ந்து நடந்ததில்லை.

பெயிண்ட் டப்பாவும் பிரஷும் இப்போது என்னிடம் இருக்கின்றன. மழை தொடங்குமுன் போர்டை மறுபடி எழுத வேண்டும். முதலில் அவர் வரி. அதற்குக் கீழேதான் என்னுடையது.