ஒருமுறை மட்டும் வாசிக்கப்பட்ட ஓலை

அம்மா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. ஆண்டுத் திருப்பலிக்கு வந்து இந்தச் சிறிய நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் அம்மாவின் ஒரே மகளாக வணங்குகிறேன். இப்படிப்பட்ட மலரில் போனவரின் நல்ல குணங்களை எழுதுவதுதான் முறை. நானும் எழுதுகிறேன். கூடவே என் கெட்ட குணம் ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டால் அம்மாவின் வாழ்க்கையில் பாதியை விட்டதாக ஆகிவிடும்.

அம்மா சேந்தமங்கலத்தில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். தம்பி தங்கைகளைத் தூக்கிச் சுமக்க ஆள் வேண்டியிருந்ததால் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டுக் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு வந்தார். அப்பா லாரி ஓட்டினார். எனக்குப் பத்து வயதாகும்போது, வடக்கே லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் விபத்தில் இறந்துபோனார். அப்போது அம்மாவுக்கு முப்பது வயது. முப்பது எவ்வளவு சின்ன வயது என்பது எனக்கு ஐம்பதைத் தொட்ட பிறகுதான் உறைக்கிறது.

மறு மாதமே அம்மா ஒரு ஜவுளிக் கம்பெனியில் பெட்ஷீட் மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. சாயங்காலம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியதும் என் சடையைப் பிரித்து மறுபடி பின்னிவிடுவார். கால் வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஒருவர் சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் இருந்தார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. பங்கின் குடும்பங்கள் வீடுகளில் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் செபம் முடிந்ததும் நாற்காலிகளை எடுத்து அடுக்குகிறவர் அவர்தான். அவரை நான் ரயில்வே அய்யா என்றே கூப்பிட்டேன். என் சைக்கிளுக்குச் செயின் மாட்டித் தந்திருக்கிறார். எனக்குப் பதினாறு வயதானபோது பங்குச் சாமியார் மூலமாக, மறைவு ஏதும் இல்லாமல், அம்மாவைப் பெண் கேட்டார். அம்மா மூன்று வாரம் யோசித்துச் சம்மதித்தார். அந்த மூன்று வாரமும் அம்மா அடுப்படியில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது இப்போதும் என் காதில் கேட்கிறது.

நம் சபையில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது உங்களுக்குத் தெரியும். இன்னாரும் இன்னாரும் மணம் செய்யப் போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு யாரும் எழுந்துபோய் எதையும் தெரிவித்ததாக நான் அறிந்ததில்லை. அம்மாவின் ஓலை முதல் ஞாயிறு வாசிக்கப்பட்ட அன்றே நான் தெரிவித்தேன்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, அதற்கு முந்தின நாள் என்னைத் தனியாக உட்காரவைத்து, “தாலி அறுத்தவளுக்கு ரெண்டாங் கண்ணாலம் நம்ம வேதத்துல கெடையாது சாமி. உங்கப்பன் மோட்சத்துல ஒத்தையா நிப்பான்” என்று சொல்லியிருந்தார். அத்தையும் இருபத்திரண்டு வயதில் தாலி அறுத்தவர். அவர்மேல் பழி போட நான் இதை எழுதவில்லை. அவர் சொன்னார். போனது நான்.

பூசை முடிந்து சாமியார் உடுப்பைக் களைந்துகொண்டிருந்த அறைக்குள் போய், “தடை இருக்குதுங்க ஃபாதர்” என்றேன்.

“என்னம்மா தடை?”

“எங்கப்பாங்க.”

அவர் சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்காரச் சொன்னார். “உங்கப்பா இறந்து ஆறு வருஷம் ஆச்சேம்மா” என்றார்.

“மோட்சத்துல எங்கம்மா யார்கூடங்க இருப்பாங்க?”

“இந்தக் கேள்வியை ஆண்டவர்கிட்டயே கேட்டிருக்காங்க. யூதர்கள்கிட்ட ஒரு சட்டம் இருந்துச்சு. பிள்ளையில்லாம அண்ணன் செத்தா, தம்பி அண்ணியைக் கட்டிக்கணும். ஏழு அண்ணன் தம்பிங்க ஒருத்தர் பின்னால ஒருத்தரா ஒரே பொண்ணைக் கட்டி, ஏழு பேரும் செத்துட்டா, மோட்சத்துல அவ யாருக்குப் பொண்டாட்டின்னு அவரை மடக்கப் பார்த்தாங்க. அங்கே பெண் கொள்வதும் இல்லை, கொடுப்பதும் இல்லைன்னுட்டார். சாவோட கல்யாணக் கட்டு அவிழ்ந்துடுதும்மா. உங்கம்மாவுக்கு ஒரு தடையும் இல்லை.”

நன்றாகத்தான் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தையும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் மத்தியானம் அம்மா வேலைக்குப் போகாமல் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் போய்த் தடை சொன்னது அதற்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது.

“நீங்க அவரைக் கட்டிக்கிட்டா, நான் அப்பா கல்லறையிலேயே போய்க் கெடந்துக்கறேன்” என்றேன்.

அம்மா தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, “சரி சாமி. எந்திரிச்சு சாப்பிடு” என்றார்.

நான் சாப்பிட்டேன். அன்று தக்காளி ரசம். வெட்கமில்லாமல் இரண்டாம் தடவையும் சோறு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு வேறு இரண்டு ஜோடிகளின் ஓலைகள் வாசிக்கப்பட்டன. அம்மாவின் பெயர் வரவில்லை. அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஆண்கள் பக்கத்தில் ரயில்வே அய்யா தலை குனிந்திருந்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி என் ஓலையை வாசித்தபோது, முதல் ஞாயிறு அம்மா சிரித்த முகமாக இருந்தார். இரண்டாம் ஞாயிறு அழுதார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் தாயின் அழுகை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படியே நம்பினேன். பிறகு நான் ராசிபுரம் போய்விட்டேன். அம்மா அந்த வீட்டில் தனியாக ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்.

ரயில்வே அய்யா வேறு யாரையும் மணக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் போகும்போதெல்லாம் அப்பாவின் கல்லறை புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்துச் சுத்தமாக இருக்கும். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை செய்கிறார் என்று நினைத்திருந்தேன். அய்யா முந்தின நாளே வந்து செய்துவிட்டுப் போவார் என்பது வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. அம்மா அப்பாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, நாலு வரிசை தள்ளி இருந்த அய்யாவின் மனைவி கல்லறைக்கும் ஒன்று ஏற்றுவார். வருடத்தில் அந்த ஒருநாள் இருவரும் சற்றுநேரம் நின்று பேசுவார்கள். “கால் வலி எப்படிங்க இருக்குது?” என்று அவர்தான் கேட்பார்.

நான் இப்போது பங்கில் திருமணத் தயாரிப்பு வகுப்பு எடுக்கிறேன். ஆண்டவருக்கும் கேலி செய்யத் தெரியும். அதற்காகப் படிக்கப் போனபோதுதான் எல்லாம் தெரிந்தது. யூத மறையில் மூன்று மாதம் காத்திருந்துவிட்டால் விதவை மணந்துகொள்ளத் தடையில்லை. விதவையை மணக்கக்கூடாது என்ற விலக்கு தலைமைக் குரு ஒருவருக்குத்தான். இறந்துபோன மகனின் மனைவிக்கு மாமியாரே வழிசொல்லி மறுமணம் நடந்த குடும்பத்தின் வம்சத்தில்தான் நம் ஆண்டவரே பிறந்திருக்கிறார். விதவையாகவே இருப்பது மேல் என்று தம் கருத்தைச் சொன்ன அப்போஸ்தலர் புனித சின்னப்பர்கூட, மணந்துகொள்ள அவளுக்கு உரிமை உண்டு என்றார், இளம் விதவைகள் மணந்துகொள்ளட்டும் என்றார். அத்தை சொன்ன வேதம் எந்த வேதத்திலும் இல்லை. ஒவ்வொரு வகுப்பிலும் இதை இரண்டு தடவை சொல்கிறேன்.

அம்மாவின் தெருவில் ஓர் இளம் பெண் கணவனை இழந்து, நல்ல வரன் வந்தும் தயங்கியபோது, அம்மாதான் அவளைக் கையைப் பிடித்துச் சாமியாரிடம் கூட்டிப்போனார். “வேதத்துல தடையில்ல கண்ணு. பெத்த புள்ளைங்க கொஞ்சம் அழும். அழுதா சமாதானம் பண்ணிக்கலாம். நான் பண்ணத் தெரியாம உட்டுட்டேன்” என்று அவளிடம் சொன்னதை, அன்று ஊருக்கு வந்திருந்த நான் அடுப்படியில் நின்று கேட்டேன். அப்போதாவது ஓடிவந்து அம்மாவின் காலைப் பிடித்திருக்கலாம். காபியை ஆற்றிக்கொண்டு நின்றேன்.

கடைசி நாட்களில் அம்மாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தோம். நினைவு வந்து வந்து போனது. ரயில்வே அய்யா பஸ் ஏறித் தடி ஊன்றி வந்தார். வாசலில் நர்ஸ், “சொந்தக்காரங்கள மட்டுந்தான் உடுவோம். இவரு பேஷண்டுக்கு என்ன வேணுங்க?” என்று என்னிடம் கேட்டாள். இத்தனை வருடப் பழக்கம், வாயில் தானாக வந்தது: “தெரிஞ்சவருங்க.”

“பரவால்ல சாமி, நான் இங்கயே உக்காந்துக்கறேன்” என்றார் அய்யா. அந்த பெஞ்சில் அன்று சாயங்காலம் வரை இருந்தார். மறுநாள் காலையிலும் வந்தார். அன்று மத்தியானம் அம்மா போய்விட்டார். அவரை அம்மா பார்க்கவில்லை. ஒருமுறை செய்ததை அறியாத வயது என்று சொல்லித் தப்பிக்கலாம். இரண்டாம் முறைக்கு என்னிடம் ஒரு சாக்கும் இல்லை.

அம்மாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், அடக்கத்துக்கு வந்து தோள் கொடுத்த அன்பியத்தாருக்கும், சேந்தமங்கலம் மாமாமார் சித்திமாருக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டுக்குச் சமைத்துக் கொடுத்த பக்கத்துவீட்டுத் தறிக்கார அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலரில் ரயில்வே அய்யாவின் பெயரையும் குடும்பத்தார் வரிசையில் போட நினைத்து, சூரமங்கலம் போய் அவரைக் கேட்டேன். “வேண்டாம் சாமி. அந்த எடம் உங்கப்பாவோடது. ஒரு வாரம் கோயில்ல எம் பேரையும் உங்கம்மா பேரையும் சேத்து வாசிச்சாங்க. என் காதால கேட்டேன். எனக்கு அது போதும்” என்றார்.

அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை. அன்று ஊர் முழுக்கக் கேட்க வாசித்த ஓலைக்கு நான் மூடிய அறையில் போய்ப் பதில் சொன்னேன். இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் அதைத் திருத்திச் சொல்கிறேன்: அம்மாவின் கல்யாணத்துக்குத் தடை எதுவும் இருந்ததில்லை. நான்தான் இருந்தேன்.