பந்தலுக்கு வைத்திருந்த பணம்

தோட்டத்துக்குக் காவல் வைத்தால் காவல்காரனுக்குச் சம்பளம் கொடுப்போம். காமயகவுண்டன்பட்டியில் திராட்சை வைத்திருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். காவல்காரனே முன்பணம் கட்டி, தன் வீட்டுக் கரண்டில் விளக்கைப் போட்டு, முகம் தெரியாத ஆளின் தோட்டத்தைக் காத்துவிட்டு, கூலியாக அந்த ஆள் அச்சடித்த சீட்டை வாங்கிக்கொள்ளும் உத்தியோகம் ஒன்று உண்டு என்று கண்டுபிடித்து வந்தவர் என் வீட்டுக்காரர். அதற்கு நோடு ஓட்டுவது என்று பெயராம்.

வழி காட்டியது அவருடைய அக்கா மகன். போடிக்காரன், பெங்களூரில் இருக்கிறான். அங்கே என்ன வேலை என்று கேட்டால் அவன் அம்மாவே பேச்சை மாற்றிவிடுவாள். தேனியில் ஒரு லாட்ஜ் ஹாலை வாடகைக்குப் பிடித்துக் கூட்டம் போட்டான். ஏலக்காய் வியாபாரிகள், ஜவுளிக்கடைக்காரர்கள், எங்களைப் போலத் தோட்டக்காரர்கள் என்று நல்ல கூட்டம். சாப்பாடு உண்டு என்று சொல்லியிருந்தான், பிறகு வராமல் இருப்பார்களா?

விஷயம் இதுதான். இந்தக் கிரிப்டோ காசுக்குப் பேங்க் கிடையாது. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்ற கணக்கை ஊர் ஊராக இருக்கிற கம்ப்யூட்டர்கள் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகின்றன. அப்படி ஒரு பெட்டியை நம் வீட்டில் வைத்து ஓட்டினால் தினமும் ஊக்கத்தொகை விழும். ஆனால் முதலில் அவர்களுடைய காசை விலைக்கு வாங்கி டெபாசிட்டாகக் கட்ட வேண்டும். தப்பு செய்தால் அதில் பிடித்துக்கொள்வார்கள். கூலியும் அவர்கள் காசு, அபராதமும் அவர்கள் காசு, உள்ளே போடுகிற பணம் மட்டும் நம்முடையது. ஹாலில் ஒருத்தருக்கும் இது உறைக்கவில்லை. பாயசம் நன்றாக இருந்தது என்று பேசிக்கொண்டு இறங்கினார்கள்.

எங்களிடம் அப்போது கையில் பணம் இருந்தது. அது எதற்கான பணம் என்பதைச் சொல்ல வேண்டும். அந்த வருஷத்து ஆடிக் காற்றில் எங்கள் பந்தல் சாய்ந்துவிட்டது. கல்தூண்கள் பாதி ஒடிந்து, கம்பியெல்லாம் அறுந்து, கொடிகள் அப்படியே தரையில் படுத்துவிட்டன. எல்லாம் பன்னீர் திராட்சை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் குழி வெட்டி என் கையால் வைத்த கொடிகள். வேரிலும் தூரிலும் ஒரு குறையும் இல்லை. கிளைகளை வெட்டிவிடும் அடுத்த கவாத்துக்குள் பந்தலைத் தூக்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் தோட்டம் போச்சு. அதற்காகப் போன வெள்ளாமைப் பணத்தையும், என் அப்பா கொடுத்த மாடுகளை விற்ற பணத்தையும் சேர்த்து வைத்திருந்தோம்.

அதைத் தூக்கி டெபாசிட்டாகக் கட்டிவிட்டு வந்து, கைகால் கழுவிக்கொண்டே சொன்னார்.

"ஒரு கவாத்துத் தள்ளிப் போகட்டும். அதுக்குள்ள பெட்டி சம்பாதிச்சுக் குடுத்துரும். பந்தலை இரும்புத் தூண்லயே போட்டுக்கலாம்."

"கொடி தள்ளிப் போகுமான்னு கேட்டீகளா?" என்றேன்.

"ஒனக்கு எதைச் சொன்னாலும் கொடிதான்."

 பணம் போன பிறகு கத்தி என்ன செய்வது. மூங்கில் குச்சி வாங்கி, முடிந்த கொடிகளுக்கு முட்டுக் கொடுத்துக் கட்டினேன். அவர் வீட்டில் பெட்டிக்கு அலமாரி அடித்துக்கொண்டிருந்தார்.

பெட்டியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். செங்கல் அளவுதான் இருக்கும். சந்தனம் குங்குமம் வைத்தார், சூடாகிவிடும் என்று தனியாக ஒரு ஃபேன் வைத்தார், இன்வெர்ட்டர் வாங்கினார். கரண்ட் போனால் நான் மிக்ஸி போடக் கூடாது, பெட்டிக்குப் பத்தாதாம். மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்கிறவர் நடுவில் ஃபோனை எடுத்துப் பார்ப்பார். "இன்னைக்கும் விழுந்திருக்கு" என்பார். சரி, விழுந்ததை எடுத்துக் கம்பி வாங்குவோம் என்றால், இப்போது எடுக்கக் கூடாது, அதையும் டெபாசிட்டில் சேர்த்தால் இன்னும் கூடும் என்பார். எடுக்கவே கூடாத வருமானத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தெருவில் நடக்கிற நடையே மாறிவிட்டது. டீக்கடையில் வெள்ளாமையைப் பற்றி யாராவது பேசினால் பாவம் என்பது போலப் பார்த்துச் சிரித்தார்.

மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். பகல் பூராவும் வராது, இன்வெர்ட்டர் மத்தியானத்துக்கு மேல் தாங்காது. பெட்டி நின்றால் அன்றைய கூலி கிடையாது, சின்ன அபராதமும் உண்டு. டீக்காசுகூட ஆகாத அபராதம். அதைப் பார்த்து இவருக்குப் பொறுக்கவில்லை. அந்த இடத்தில் இவருக்குள் இருந்த வெள்ளாமை பார்க்கிற சம்சாரி முழித்துக்கொண்டான். எங்கள் பக்கம் கிணறு வைத்திருக்கிறவர்கள் ஒற்றை மோட்டாரை நம்பி இருக்க மாட்டார்கள். ஒன்று புகைந்தால் மாட்டுவதற்கு இன்னொன்று தயாராக இருக்கும். பெட்டிக்கும் அதையே செய்தால் என்ன என்று இவருக்குத் தோன்றியது.

அக்கா மகனைக் கேட்டார். "பேக்கப் நல்லதுதான் மாமா" என்று சொல்லி, இன்னொரு பெட்டியை அவனே விற்றான். அதில் அவனுக்குக் கமிஷன் உண்டு. அதை எப்படி ஓட்ட வேண்டும், எப்படி ஓட்டக் கூடாது என்று சொல்வதற்குக் கமிஷன் இல்லை போலிருக்கிறது, சொல்லவில்லை. கூட வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. இவர் அதைப் பிரிக்கவே இல்லை. மோட்டார் மாட்டப் புத்தகமா படிக்கிறோம் என்றார்.

இரண்டாவது பெட்டியைத் தோட்டத்துப் பம்புசெட் அறையில் வைத்தார். அங்கே விவசாயக் கரண்ட், காசு கிடையாது. கரண்ட் ஆபீசில் பிடித்தால் என்ன செய்வீர்கள் என்றேன், அவர் பாட்டுக்கு ஒயரை இழுத்துக்கொண்டிருந்தார். வீட்டுப் பெட்டியில் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு ரகசியச் சாவி இருக்கும். பூட்டுச் சாவி இல்லை, எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒன்று. அதை அப்படியே இதற்கும் போட்டார். போட்டுவிட்டு, ஒன்று சும்மா கிடப்பானேன், ஒன்று நின்றால் ஒன்று ஓடட்டும் என்று இரண்டையும் ஓட விட்டுவிட்டு வந்தார்.

அன்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டிருந்தேன். ஃபோனைப் பார்த்தவர் இலையை விட்டு எழுந்துவிட்டார். பெட்டி ஓடுகிறது என்று பச்சையாகக் காட்டும் இடம் சிவப்பாகிவிட்டது. அக்கா மகனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"ரெண்டுலயும் ஒரே சாவியா போட்டீங்க?" என்று கேட்டான். குரலே இறங்கிவிட்டது. "அப்படிப் போடக் கூடாது மாமா. ஒரே கணக்குக்கு ஒரே ஆளு ரெண்டு தடவை கையெழுத்துப் போட்டா நெட்வொர்க் அதைத் திருட்டுன்னு எடுத்துக்கும். டெபாசிட்ல பாதி போயிரும். மீதியும் கொஞ்ச காலம் லாக்ல இருக்கும், எடுக்க முடியாது."

"திருட்டா?" என்றார் இவர். "கரண்டு போகும்னு ஸ்பேர் வச்சேன்டா. அதைச் சொல்லு அவங்ககிட்ட."

"யாருகிட்ட மாமா சொல்றது?"

நான் ஃபோனை வாங்கினேன். "ஏலே, பணத்தைப் பிடிச்சது யாரு? அவன் எங்கன இருக்கான்னு சொல்லு, நான் போய்க் கேக்குறேன்."

"ஆளே கிடையாது அத்தை. எல்லாம் கம்ப்யூட்டர்ல எழுதி வச்ச கோடு, ப்ரோக்ராம். மனுசங்க யாரும் நடுவுல வர முடியாது. அதுதான் இதோட அழகே."

அழகாம். கந்துவட்டிக்காரன்கூட வீட்டு வாசலுக்கு வந்தால் காலில் விழலாம், நாலு பேரை வைத்துப் பேசலாம், ஒன்றும் முடியாவிட்டால் மண்ணை வாரித் தூற்றவாவது செய்யலாம். இங்கே திட்டுவதற்குக்கூட ஒரு முகம் இல்லை. அக்கா மகனைத் திட்டினேன். அவனுக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை, சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

மீதிப் பணம் லாக்கில் கிடந்தபோதே அந்தக் காசின் விலை சரிந்துகொண்டே வந்தது. ஒருவழியாகக் கைக்கு வந்ததை வைத்துக் பந்தல் கம்பி வாங்க முடியவில்லை, முடிச்சுப் போடுகிற கட்டுக்கம்பிதான் வாங்கலாம். பழ வியாபாரியிடம் அட்வான்ஸ் கேட்டோம். நின்ற பந்தலுக்குத்தான் கொடுப்பேன் என்றார், அவர் சொன்னதில் தப்பில்லை. பேங்கில் ஏற்கெனவே பயிர்க்கடன் இருந்தது. கவாத்துக் காலம் தாண்டிப் போனது. கடைசியில் மார்க்கையன்கோட்டைக்காரர் ஒருவர் வாழை போடுகிறேன் என்று நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டார். கொடி ஒன்றுகூட இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர் பேச்சு. நாங்கள் ஒத்துக்கொண்டோம்.

வெட்டுகிற அன்று நானும் போனேன். வர வேண்டாம் என்றார், போனேன். கூலியாட்கள் தூரில் கோடாலி போட்டார்கள். இவர் வெட்டியதை இழுத்து வரப்பில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்து மதினி வந்து நின்று, "என்ன தம்பி, இம்புட்டுக் கொடியையும் வெட்டுதீக?" என்று கேட்டார்கள்.

"வேர்ல பூச்சி மதினி. மருந்துக்குக் கேக்கல" என்றார் இவர். வாய் கூசாமல் சொன்னார்.

என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மழை, விலை இல்லை, ஆள் கிடைக்கவில்லை, எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டு நின்றிருப்பேன். என் கொடியைச் சொன்னதுதான் தாங்கவில்லை.

"கொடிக்கு ஒரு சீக்கும் இல்ல மதினி" என்றேன். "நல்லாப் பாருங்க."

மதினி குனிந்து பார்த்தார்கள். திராட்சை வளர்க்கிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உயிர் உள்ள கொடியை வெட்டினால்தான் தண்ணீர் வடியும். வெட்டின தூர் அத்தனையிலும் வடிந்துகொண்டிருந்தது.