மாரியாயியின் மடியில் இருந்த பிள்ளை

மாதவியை ஏமாளி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கிள்ளான் துறைமுகத்தில் லோரிக்காரர்களோடும் சுங்கத்துறை ஆட்களோடும் பாதி ஆயுசு மல்லுக்கட்டியவள். அலுவலகத்தில் அவளிடம் எவன் பாச்சாவும் பலிக்காது. அப்படிப்பட்டவளையே ஒருவன் நம்ப வைத்துக் கழுத்தறுத்தான் என்றால், அவன் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசியிருப்பான் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதை நெருங்கும்போது அவள் மேல்நாட்டு ஓவிய வரலாறு படிக்கக் கிளம்பியதற்கு, பக்கத்து மேசை மார்க்கிரட்தான் காரணம். கிறிஸ்துமஸுக்கு மார்க்கிரட் கொடுத்த காலண்டரில் மாதத்துக்கு ஒரு மாதா படம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பார்வையை மட்டும் வேறெங்கோ விட்டிருந்த மாதாக்கள்.

"ஏன் லா புள்ளையப் பாக்காம எங்கயோ பாக்குறாங்க?" என்று மாதவி கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? நான் ஜெபம் பண்றவ, ஆராய்ச்சி பண்றவ இல்ல," என்றாள் மார்க்கிரட்.

மாதவிக்கு அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்தது. விசாரித்துப் பார்த்ததில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் சனிக்கிழமை வகுப்பு நடக்கிறது என்று தெரிந்தது. மறுமலர்ச்சிக் காலம் தொடங்கி நம் காலம் வரை. கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயில் ஏறிப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பாடம் நடத்திய சஞ்சீவ் அவளைவிட இளையவர். பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம். லண்டனில் படித்துவிட்டு வந்து தானும் ஓவியம் வரைபவர். திரையில் படத்தைப் போட்டுவிட்டு அவர் பேச ஆரம்பித்தால் கீழே மீன் பொரிக்கிற வாசனைகூட மறந்துபோகும். தங்கத் தகட்டில் ஒட்டி வைத்த மாதிரி இருந்த புனிதர்களுக்குச் சதையும் எடையும் வந்த கதையைச் சொன்னார். கரவாஜியோ வரைந்த மனிதர்களின் அழுக்குப் பாதங்களைக் காட்டினார். அந்தப் பாதங்களை மாதவிக்கு நன்றாகத் தெரியும். அவள் பிறந்து வளர்ந்த கேரி தீவில் செம்பனைக் காட்டு வேலை முடிந்து வருகிற கால்கள் அப்படித்தான் இருக்கும். பிக்காசோ முகங்களை உடைத்துப் போட்ட வாரம் அவளுக்குத் தூக்கமே வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவளிடம், "அக்கா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். அதற்கே அவள் உருகிப்போனாள், பாவம்.

ஒருநாள் சஞ்சீவ் ஒரு வேலை கொடுத்தார். பாடத்தில் பார்த்த ஓவியம் ஒன்றுக்கு ஜோடியாக, உங்கள் வீட்டில் உள்ள ஒரு படத்தைக் கொண்டுவாருங்கள் என்றார். மாதவிக்கு நினைவு வந்தது ஒரே படம்தான். அவள் அம்மா மாரியாயி சேலை அலமாரியின் அடியில், துணியில் சுற்றி வைத்திருக்கிற கறுப்பு வெள்ளைப் படம்.

அதில் மாரியாயி தோட்டத்து லயத்து வீட்டுப் படியில் உட்கார்ந்திருப்பாள். மடியில் மாதவிக்கு முன் பிறந்த அண்ணன். அவள் பார்வை எங்கோ இருக்கும். திருவிழாவுக்குப் பந்திங் பட்டணத்திலிருந்து படம் பிடிக்கிறவர் வந்த நாள் அது. பிள்ளைக்கு அன்று உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல், முகம் துடைத்து, மை வைத்து, படத்துக்கு உட்கார வைத்தாள் மாரியாயி. அந்தக் காய்ச்சலிலேயே பிள்ளை போய்விட்டது. இந்தக் கதையை அவள் ஆயுளில் ஒரே ஒருமுறை, மகளிடம் மட்டும் சொன்னாள். "இத யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. நானே எம்புள்ளைய கொன்னுட்டேன்னு பேசுவாங்க," என்று அழுதாள்.

அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் மாதவி அந்தப் படத்தைக் கைப்பேசியில் எடுத்தாள். ஆனால் வகுப்பில் காட்ட மனசு வரவில்லை. வகுப்பு முடிந்து கீழே நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் குடிக்கும்போது சஞ்சீவிடம் மட்டும் காட்டினாள். கதையையும் சொன்னாள். அவர் கண் கலங்கியது.

"எனக்கு அனுப்புங்கக்கா. நான் தனியா பாக்கணும்."

"உங்களுக்கு மட்டும்தான் சார். யாருக்கும் தெரியக்கூடாது."

"ஐயோ, நான் யார்கிட்டக்கா சொல்லப்போறேன்?"

அனுப்பிவிட்டாள்.

வகுப்புகளெல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து மார்க்கிரட் கைப்பேசியை நீட்டினாள். "உங்கம்மா மாதிரியே இருக்கு லா! ஊரெல்லாம் பார்வர்ட் ஆகுது!"

அம்மா மாதிரி இல்லை, அம்மாவேதான். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, தலைக்குப் பின்னால் தங்க வட்டம் வைத்து, கோலாலம்பூர் காட்சிக்கூடம் ஒன்றின் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தாள். பெயர் 'காய்ச்சல் மாதா'. கீழே, சாகப் போகும் பிள்ளையைப் படத்துக்கு உட்கார வைத்த தோட்டத்துத் தாய் என்று விளக்கம் வேறு. மாதவி அரை நாள் லீவு சொல்லிவிட்டு அந்தக் காட்சிக்கூடத்துக்கு ஓடினாள்.

சஞ்சீவ் அவளைப் பார்த்துச் சிரித்தார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஓடி ஒளிந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

"வாங்கக்கா! உங்களத்தான் கூப்பிடணும்னு இருந்தேன்."

"சார், மொதல்ல அத எறக்குங்க. எங்கம்மா உயிரோட இருக்காங்க."

"அக்கா, இத்தன மாசம் நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்? கழிப்பறைத் தொட்டிய எடுத்துக் கண்காட்சியில வச்சாங்க, பத்திரிகையக் கிழிச்சு ஒட்டுனாங்க. இருக்கிறத எடுத்து வேறயா பாக்க வைக்கிறதுதானே நவீன ஓவியம்? நீங்களே வகுப்புக் கட்டுரையில எழுதினீங்களே, மாதாவுக்கு மாடலா உக்காந்த ஏழைப் பொண்ணுங்கள எவன் சம்மதம் கேட்டு வரைஞ்சான்னு. ரொம்ப நல்லா இருந்திச்சு."

எழுதியிருந்தாள்தான். கேட்டிருந்தால் அந்தப் படங்கள் நமக்குக் கிடைத்திருக்குமா என்றுகூட எழுதியிருந்தாள். எவளோ ஒரு வெள்ளைக்காரி, செத்து நானூறு வருஷம் ஆனவள், அவளுக்கென்ன என்று நினைத்து எழுதியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் போனாள். "துரோகி," என்று மட்டும் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். படம் இறங்கவில்லை.

கிள்ளானுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவன் பெயரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றினாள். அம்மாவுக்குக் கைப்பேசி பார்க்கத் தெரியாது என்பதுதான் ஒரே ஆறுதல். அதுவும் நிலைக்கவில்லை. அதற்குள் கோயிலில் யாரோ மாரியாயியின் முகத்துக்கு நேரே நீட்டி, "இது நீங்கதானே ஆன்டி? உங்க பையனா? த்சொ த்சொ," என்று கேட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாரியாயி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மாதவி அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கண் கலங்கியதை, சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னதை, இன்று சிரித்ததை. "படுபாவி, என் முதுகுல குத்திட்டாம்மா. அவன நான் சும்மா விடமாட்டேன்," என்றாள்.

"அவன் யாருன்னே எனக்குத் தெரியாதும்மா," என்றாள் மாரியாயி. "நான் உன்கிட்டதானே சொன்னேன்."